மண்டி போட முடியாத கவுன்

எனக்கு யாரையும் முகம் பார்த்துப் பேச வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதனால் எதிரே ஒருவர் வந்தால் எனக்கு முதலில் தெரிவது அவர் உடுப்பின் கீழ் ஓரம். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. ஸ்ரீரங்கத்தில் ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் முப்பது வருஷமாக ஹெம்மிங், ஹூக், காஜா எல்லாம் கையால் செய்கிறேன். ஒரு உடுப்பு எப்படி இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

பாலக்கரையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில் ஒரு டீச்சர் இருக்கிறார். எங்களுக்கு ஒரே மாதா கோயில். அவர் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்றிருந்தது. வெளிநாட்டு விருது விழாவில் ஒரு நடிகை போட்டிருந்த வெள்ளை கவுனைப் போனில் பார்த்துவிட்டு, அதே மாதிரிதான் வேண்டும் என்று அந்தப் பெண் ஒற்றைக் காலில் நின்றாள். சாட்டின் துணி எடுத்து எங்கள் கடையில் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை காலையில் மாஸ்டர் வெட்டப் போகிறார்.

அதற்கு முந்தின நாள் பூசைக்குப் போய் வந்து சாப்பிட்டு முடித்ததும் டீச்சர் மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"வாங்கக்கா, அந்த விழாவ டிவில போட்டிருக்கோம். நம்ம கவுனயும் ஒரு பார்வை பாத்துடுங்க."

போனேன். டீச்சரின் தங்கை சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, சிவப்புக் கம்பளத்தில் வருகிற ஒவ்வொருத்திக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவளப் பாரு, கொசுவலையச் சுத்திக்கிட்டு வந்துட்டா."

"சித்தி, அது நெட்டு," என்றாள் கல்யாணப் பெண்.

"என்ன நெட்டோ. ஒரு கொசு உள்ள போவாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். ஒருத்தியின் பச்சைக் கவுன் அழகுதான், ஆனால் லைனிங் ஒரு விரல் அளவு கீழே எட்டிப் பார்த்தது. எங்கள் கடையில் அப்படிச் செய்தால் மாஸ்டர் தூக்கி எறிவார். இன்னொருத்தியின் கவுனில் அடிமடிப்பு ஒரே சீராக, தையலே தெரியாமல் இருந்தது. எந்த ஊர்க்காரியோ பொறுமையாகக் கையால் பிடித்திருக்கிறாள். அவளை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"இதுதான் பெரியம்மா!" என்று பெண் என் பக்கம் திரும்பித் துள்ளினாள். அந்த வெள்ளை கவுன் வந்துவிட்டது. இடுப்பிலிருந்து முழங்கால் தாண்டும்வரை உடம்போடு ஒட்டி, அதற்குக் கீழே மீன் வால் மாதிரி விரிந்தது. சித்திகூட காலை இறக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் நடிகையின் முழங்காலையே பார்த்தேன். சாண் சாணாகத்தான் நடந்தாள். இரண்டு படி ஏற இரண்டு பேர் பிடித்தார்கள். அப்புறம் போட்டோவுக்கு நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

நம் பெண் நிற்க மட்டுமா போகிறாள்? பீடத்துக்கு முன்னால் மண்டி போட வேண்டும், எழ வேண்டும், மறுபடி மண்டி போட வேண்டும். வாரம் தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம். கவுன் மயக்கத்தில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. விடிந்தால் துணியில் கத்தரி விழும். எனக்கு வாய் வரவில்லை, கைதான் வந்தது. நாற்காலியில் கிடந்த துப்பட்டாவை எடுத்து, அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழேவரை இறுக்கிச் சுற்றி ஊக்குக் குத்தினேன்.

"மண்டி போடு கண்ணு," என்றேன்.

எப்படியோ தொப்பென்று போட்டுவிட்டாள். எழ முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தாள், டீப்பாயைப் பிடித்துப் பார்த்தாள், கடைசியில் சித்தியின் மடியில் சாய்ந்தாள்.

"நல்லாருக்குடி! உன்னத் தூக்கி விடப்போறது மாப்பிள்ளையா, ஃபாதரா?" என்றாள் சித்தி.

பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப அந்த மாடல் வேணாங்கறீங்களா பெரியம்மா?"

"வேணாங்கலம்மா. பின்பக்கம், முழங்காலுக்கு ஒரு சாண் மேலேருந்து உள்மடிப்பு விடணும். நின்னா மூடிக்கும், மண்டி போட்டா விரியும். போட்டோவுல ஒண்ணும் தெரியாது."

அந்த வீட்டில் அவ்வளவு நான் பேசியதே இல்லை. டீச்சர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார்.

மறுநாள் மாஸ்டர் வருவதற்கு முன்னாலேயே நான் கடைவாசலில் நின்றேன். சொன்னதைக் கேட்டுவிட்டு, துணி போதுமா என்று டேப்பை ஓட்டிப் பார்த்தார்.

"போதும்மா. ஆனா மடிப்ப நீங்கதான் பிடிக்கணும். மெஷின் போட்டா விறைச்சுக்கும்."

நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன்.

கல்யாணத்தன்று அவள் பீடத்துக்கு முன்னால் மண்டி போட்டாள். மடிப்பு விரிந்தது. யார் கையையும் பிடிக்காமல் எழுந்தாள். மடிப்பு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும், கவுனைப் பார்த்து அசந்துபோன நாலைந்து பெண்களிடம் சித்தி என்னைக் கைகாட்டி, "அந்த மடிப்பு இவங்க யோசனை, இவங்க கைத்தையல்," என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாம் மாஸ்டர் வேலைதான் என்று சொல்லி நகர்ந்துவிடுவது என் வழக்கம்.

"ஆமாங்க, நான்தான்," என்றேன்.