சூசை சொன்ன விரதம்

சூசை இறந்துபோன செய்தியை அவருடைய மகள் மேரிதான் கொண்டுவந்தாள். உத்திரமேரூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றபடி, "டீச்சரம்மா, நைனா பூட்டாரு. உங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். காவாந்தண்டலத்தில் எங்கள் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. காலனிக்காரர்கள் எங்கள் தெருவில் எதுவரை வரலாம் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களே, சூசையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மாதா கோவிலில் மணி அடித்தவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேலி பேசியே எழுந்து ஓட வைத்தவர். என் அப்பாவுக்கு அவர் வேறொரு வகையில் சொந்தம். இருவரும் வெள்ளைக்காரன் காலத்துச் சிப்பாய்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் அவரை 'அவன்' என்றுதான் சொல்வோம். 'அவர்' என்று எழுத அவர் சாக வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது.

பழைய பட்டாளம் ஒன்றை வெள்ளைக்காரர்கள் எப்போதோ இரண்டாகப் பிரித்தார்களாம். ஒன்று அண்ணன் பட்டாளம், மற்றது தம்பி பட்டாளம். சூசை அண்ணனில் இருந்தார், அப்பா தம்பியில் ஹவில்தாராக. இவர்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு ஒரு மலை முற்றுகையில் இந்த இரண்டோடு வெள்ளைக்காரப் பட்டாளம் ஒன்றும் மாட்டிக்கொண்டது. மூன்றும் ஒரே அண்டாவில் நொய்க்கஞ்சி குடித்து உயிர் பிழைத்தன. அதிலிருந்து மூன்று பட்டாளத்துக்கும் அடையாளமாக ஒரே பச்சை நாடா. தை மாதத்தில் அந்த நாள் வந்தால் அண்ணன் பட்டாளத்து ஆள் கஞ்சி ஊற்றுவார். மற்ற இரண்டு பட்டாளத்தாரும் கையேந்திக் குடிக்க வேண்டும். பதவி, சாதி, நிறம் எதுவும் பார்க்கக் கூடாது. அப்பாவும் பட்டாளத்தில் அப்படிக் குடித்தவர்தான். அதைப் பெருமையாகவே சொல்வார்.

ஊர் திரும்பிய பிறகும் சூசை இந்த வழக்கத்தை விடவில்லை. அந்த நாளில் பச்சை நாடாவைச் சட்டையில் குத்திக்கொண்டு, தூக்குச்சட்டியில் கஞ்சியோடு எங்கள் பம்புசெட்டுக்கு வந்துவிடுவார். அப்பா விறைப்பாக சல்யூட் அடித்து, "வெச்சிட்டுப் போ சூசை, அப்பால குடிக்கிறேன்" என்பார். சூசையின் தலை மறைந்ததும் கஞ்சி மாட்டுத் தொட்டிக்குப் போகும். ஒருமுறை சூசை என்னை வழியில் நிறுத்தினார். "மாடு நல்லா இருக்குதாம்மா? அதுக்கும் ஒரு பென்சன் வாங்கிக் குடுக்கணும். வருசம் தவறாம பட்டாளத்துக் கஞ்சி குடிச்சிக்கினு கீதே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், அந்த நாளாகப் பார்த்து, அந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்த கிழவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா பந்தல் போடாததுதான் குறை. ஆங்கிலம் தெரிந்தவள் என்று என்னை நடுவில் நிறுத்தினார்கள். "எங்கள் பட்டாளத்தை வேறு இரண்டோடு சேர்த்துவிட்டார்கள். பெயர்கூட இப்போது இல்லை. இந்தக் கஞ்சி வழக்கம்தான் மிச்சம்" என்றார் துரை. அண்ணன் பட்டாளத்து ஆள் யாரும் இங்கே இருக்கிறார்களா என்று கேட்டார். யாருமில்லை என்றார் அப்பா.

தெருமுனையில் சூசை தூக்குச்சட்டியோடு நின்றிருந்தார். பச்சை நாடாவைத் துரை பார்த்துவிட்டார். விடுவிடுவென்று நடந்து போய், சூசையின் முன்னால் குனிந்து கையேந்தி, கஞ்சியைக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "அடுத்தது தம்பி" என்றார். தெருவே கூடி நின்றது. குடித்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. குடிக்காவிட்டால் பட்டாளத்தானாக நிமிர்ந்து நிற்க முடியாது. அப்பாவின் கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சூசை ஒரு நொடி அப்பாவைப் பார்த்தார். "தொரை, ஹவில்தாருக்கு இன்னிக்கு வெரதம். பச்சத்தண்ணி பல்லுல படாது" என்றார். என் பக்கம் திரும்பி, "சொல்லும்மா" என்றார். சொன்னேன். துரை மரியாதையோடு தலையசைத்தார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு அவரிடமே கேட்டேன். "அண்ணன் பட்டாளம்னா சும்மாவா? தம்பி தலகுனியறத வெளியாளு பாக்கக் கூடாது" என்றார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். "அதுக்குன்னு நான் மன்னிச்சிட்டேன்னு உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லிடாத." அடுத்த தையில் அவர் பம்புசெட்டுக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அப்பா ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் சாயங்காலம்வரை அங்கே உட்கார்ந்திருப்பார்.

சாவுச் செய்தியைச் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார். அவர் காலனிக்குள் கால் வைத்தது அன்றுதான். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சூசையின் மனைவி அந்தோணியம்மாள், அழுதுகொண்டிருந்தவள், எழுந்து வந்து ஒரு நாற்காலியை முந்தானையால் துடைத்து அப்பாவுக்குப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். பெட்டியைத் தூக்கும்போது எழுந்து தோள் கொடுக்கப் போனார். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தெருக்காரர்களை மேரியின் கணவர் கவனித்தார். "வாணாங்க ஐயா, உங்களுக்கு முட்டி வலி. நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

அப்பாவுக்கு முட்டியில் ஒரு வலியும் கிடையாது. ஆனாலும் முட்டியைத் தடவிக்கொண்டே மறுபடி உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டார் எங்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், நாங்கள் வாங்கிக்கொண்டே இருந்தோம்.

சூசை மன்னிக்கவில்லை என்று என்னிடம் சொன்னார் அல்லவா, அதை நான் வைத்துக்கொள்கிறேன். அது எங்களுக்குச் சேர வேண்டியதுதான். அவர் சொன்ன பொய்யை மட்டும் அவரை அறிந்த உங்கள் முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அன்று என் அப்பாவுக்கு விரதம் இல்லை. காலையில் நாலு இட்லி சாப்பிட்டிருந்தார். நான்தான் பரிமாறினேன்.