சுவரைப் பார்த்திருந்த பிள்ளையார்

காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற ரெயிலர் வீட்டைக் காட்டுக்குள்ளே கொண்டுபோய்க் காசு கட்டாமல் நிறுத்தி, ஏரிக்கரையில் கால் நீட்டி இருக்கலாம் என்பதை எங்களுக்குக் காட்டித் தந்தவர் அண்ணைதான். கூடப்பிறந்த அண்ணை இல்லை. என்ரை மனுசனும் அவரும் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறையில் படுத்து எழும்பினவர்கள். ஒரு போர்வைக்கு இரண்டுபேர் இழுபட்ட கதையை எந்தக் கொண்டாட்டத்திலும் சொல்லுவார்கள். போர்வை ஆரிடம் போனது என்பது மட்டும் சொல்லுகிற ஆளைப் பொறுத்து மாறும்.

பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போனார்கள். மனுசன் ஃபாக்ரரி வேலையை விட்டார். அதற்குப் பிறகுதான் ரெயிலர் வாங்கினோம். பழையது. ஒரு ஆள் குசினிப் பக்கம் திரும்பினால் மற்ற ஆள் வெளியில் இறங்க வேண்டும், அவ்வளவுதான் இடம். கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, ஐயர் தந்த சின்னப் பிள்ளையார் படத்தை அடுப்புக்கு மேலே ஒட்டினோம். பிள்ளையார் இருக்கிற இடம், அதற்குள் மீன், இறைச்சி, ஒரு மச்சமும் சமைப்பதில்லை என்று நான் சொல்லிவிட்டேன். "மீன் பிடிக்கிற இடத்துக்குப் போய்ப் பருப்புச் சாப்பிடுற முதல் ஆக்கள் நாங்கள்தான்" என்று மனுசன் முணுமுணுத்தார்.

வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கடை அஜின்கோர்ட் ரவுன்ஹவுஸ் வீட்டின் முன்னால் ஒரு கார் நிற்கவே இடம் காணாது. நகரத்துக்கு வடக்கே பெரிய வளவோடு வீடு வாங்கியிருந்த அண்ணைதான் கேட்டார்.

"என்ரை வளவு சும்மாதானே கிடக்குது? கொண்டுவந்து விடுங்கோவன். ஆரும் வெளியாளே நான்?"

எழுதிக் கையெழுத்து வைப்பதெல்லாம் எங்கள் ஆட்களுக்குள் எங்கே? அப்படிக் கேட்டாலே மூஞ்சியை நீட்டுவார்கள். எங்கடை ஆள், அவ்வளவும் போதும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்கள் சொல்லுகிற வசனங்களில் ஒரு ஆசை. படித்தது குறைவு, கேட்டது கூட. அண்ணை வாயைத் திறந்தால் நான் காதைக் கொடுத்துவிடுவேன். ரெயிலரைக் காட்டுக்குள் எப்படிப் பாதுகாப்பது என்று அவர் சொல்லித் தந்தது முழுக்க இன்றைக்கும் மனப்பாடம்.

"ரெயிலரின்ரை மூக்கு எப்பவும் றோட்டைப் பார்க்கவேணும். ஓடவேண்டி வந்தா, திருப்பிக்கொண்டு நிக்கேலாது."

"சில்லுக்கு ஒரு பூட்டு, காரிலை கொளுவுற இடத்துக்கு ஒரு பூட்டு, கதவுக்கு ஒண்டு. கள்ளன் பூட்டை உடைக்கிறதுக்கு முதல் களைச்சுப் போகவேணும்."

"ரெண்டு பேர் எண்டாலும் வெளியிலை நாலு கதிரை போடுங்கோ தங்கச்சி. பெரிய சப்பாத்துச் சோடி ஒண்டையும் வாசலிலை விடுங்கோ. உள்ளுக்கை ஒரு மல்லன் படுத்திருக்கிறான் எண்டு நினைப்பான்."

"சாப்பாட்டை வெளியிலை விட்டா கரடி வரும். படத்தை பேஸ்புக்கிலை விட்டா கள்ளன் வருவான். நிக்கிற இடத்தை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, எனக்கு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ. ஏதும் நடந்தா தேடி வர ஒரு ஆள் வேணுமெல்லே?"

அப்படியே கதவுப் பூட்டின் திறப்பு ஒன்றையும் அவரிடம் கொடுத்தோம். காட்டில் துலைத்துவிட்டு நின்றால் கொண்டு ஓடிவர ஒருவர் வேண்டும் அல்லவா?

முதல் கோடை சுகமாகப் போனது. அரசாங்கத்தின் காட்டுக் காணி, பைன் மரங்கள், சின்ன ஏரி. அண்ணை காட்டிய இடம். சப்பாத்துச் சோடி வாசலில், நாலு கதிரை வெளியில், நாங்கள் இரண்டு பேர். அடுத்த கோடையில்தான் சாமான்கள் இடம் மாறத் தொடங்கின.

முதலில் சீனிப் பேணி. நான் எப்பவும் இடது பக்கத்து இழுப்பு லாச்சிக்குள் வைப்பது, வலதுக்குள் இருந்தது. பிறகு போர்வை. நான் நீளப்பாட்டுக்கு மடித்துச் சுருட்டுகிற ஆள். அது நாலாக மடிந்து கிடந்தது. புதிதாகப் போட்ட காஸ் சிலிண்டர், தேத்தண்ணி வைக்கப் போனால் வெறுமை. "நீங்களோ?" என்று மனுசனைக் கேட்டேன். "நான் போர்வை மடிச்சதை நீர் எப்பவாவது கண்டிருக்கிறீரோ?" என்றார். அது நியாயம்தான்.

அப்படியென்றால் நான்தான். நான் வைத்துவிட்டு மறந்திருக்கிறேன்.

இதைச் சாதாரணமாக எடுக்க என்னால் முடியவில்லை. காரணம் என்ரை அக்கா. ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறா. நான் போனால் என்னை அம்மா என்று கூப்பிடுவா. அவவுக்கும் இப்படித்தான் துவங்கினது. உப்புப் பேணி குளிர்சாதனப் பெட்டிக்குள், மூக்குக்கண்ணாடி அரிசி வாளிக்குள். நாங்கள் முதலில் பகிடி பண்ணிச் சிரித்தோம்.

ஆடி மாதம் ஒரு நாள் ரெயிலரை எடுக்க அண்ணையின் வளவுக்குப் போனோம். கதவைத் திறந்து உள்ளே ஏறினேன். அடுப்புக்கு மேலே பிள்ளையாரைக் காணவில்லை. படம் கழற்றப்பட்டு, மேல் தட்டில், முகம் சுவரைப் பார்த்தபடி நின்றது. சீனிப் பேணியை நான் மறந்து மாற்றி வைத்திருக்கலாம். பிள்ளையாரைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிற அளவுக்கு என்ரை தலைக்குள் என்ன நடக்குது?

இறங்கி வந்தேன். அண்ணை பைப்பைப் பிடித்துத் தன் வெள்ளை வான் வண்டியைக் கழுவிக்கொண்டு நின்றார். சொன்னேன். கண்ணீரும் வந்துவிட்டது.

அவர் பைப்பை நிற்பாட்டினார். கொஞ்ச நேரம் சில்லைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வயசு போனா வாறதுதானே தங்கச்சி. கொக்காவுக்கும் உப்பிடித்தானே துவங்கினது? எதுக்கும் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

போனேன். ரத்தம் எடுத்தார்கள். மறதி இருக்கிறதோ என்று பார்க்க, ஒரு வெள்ளைத்தாளைத் தந்து மணிக்கூடு ஒன்றைக் கீறச் சொன்னார்கள். அக்காவுக்கும் இதே மாதிரித் தாள் கொடுத்தபோது பக்கத்தில் இருந்தது நான். அவ இலக்கம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் குவித்து வைத்தா. நான் பென்சிலைப் பிடித்தேன். வட்டம் முட்டை மாதிரி வந்தது. "இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை" என்றா டொக்டர். அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து நெடுநாள் வைத்திருந்தேன். சமைக்கும்போது அடுப்பை அணைத்தேனா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். மகளோடு ஃபோனில் கதைக்கும்போது ஒரு பெயர் வராவிட்டால் வேறு கதைக்குத் தாவுவேன். ஆருக்கும் சொல்லவில்லை. மனுசனுக்கும் அண்ணைக்கும் மட்டும்தான் தெரியும்.

கோடை முடிகிற நேரம், மனுசன் பிடிவாதமாக என்னை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் காலமை அவர் தண்ணீர்க் கானோடு கரைக்கு இறங்கிவிட்டார். நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கார் வந்து நின்றது. எங்கள் தமிழ்ப் பிள்ளைகள், முன்பின் தெரியாத இளம் சோடி. காருக்குள் கூடாரமும் தலையணையும் அடைந்து கிடந்தது. அந்தப் பிள்ளை இறங்கி, ரெயிலரைப் பார்த்து வாயில் கையை வைத்தாள்.

"ஓ மை கோட், பேப், இது எங்கடை ட்ரெய்லர்!"

"உங்கடையோ?" என்றேன், சிரித்துக்கொண்டு.

"சொறி அன்ரி, எங்கடை எண்டு இல்லை. ஜூலையிலை நாங்கள் ரென்ற் பண்ணினது. நீங்களும் அந்த அங்கிளிட்டையோ எடுத்தனீங்கள்? ஹீ இஸ் ஸோ நைஸ், என்ன? இந்த ஸ்பொட்டும் அவர்தான் சொன்னவர்."

எந்த அங்கிள் என்று கேட்டேன். வடக்கே பெரிய வளவு, வெள்ளை வான், சொல்லுக்குச் சொல் தங்கச்சி. பொடியன் அவர் மாதிரிக் கதைத்தும் காட்டினான். "றோட்டைப் பார்த்து நிப்பாட்டுங்கோ தம்பி, திருப்பிக்கொண்டு நிக்கேலாது!" அச்சொட்டாக இருந்தது.

நான் மாவில் இருந்து கையை எடுக்கவில்லை. "கட்டில் இறுகுமே, எப்பிடி இழுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன். உள்ளே படுத்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

"தூக்கிப்போட்டு இழுக்கவேணும் அன்ரி!" என்றாள் அவள். பிறகு முகம் கொஞ்சம் வாடியது. "அன்ரி, ஒண்டு கேக்கட்டோ? உள்ளுக்கை ஒரு பிள்ளையார் படம் இருந்ததெல்லே? நாங்கள் சிக்கின் சமைச்சனாங்கள். கில்ற்றியா இருந்தது, அதாலை கழட்டித் திருப்பி வைச்சனாங்கள், அவர் பாக்கக்கூடாதெண்டு. திரும்ப ஒட்ட மறந்திட்டம். அம்மாவிட்டைச் சொல்ல, அம்மா பேசினவா. இப்ப ஓக்கேயா இருக்கிறாரோ?"

நான் எழும்பிப் போய் அந்தப் பிள்ளையைக் கட்டிப் பிடித்தேன். மா முழுக்க அவளின் சட்டையில். அவள் பயந்துபோனாள் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த நேரம் ஒன்றுதான்: நான் இல்லை, நான் மறக்கவில்லை, என்ரை தலைக்கு ஒன்றும் இல்லை. அந்தச் சந்தோசம் இறங்க முதலே பைப்பை நிற்பாட்டிவிட்டுச் சில்லைப் பார்த்த அந்த முகம் வந்தது. கொக்காவுக்கும் உப்பிடித்தானே துவங்கினது?

மனுசன் கானோடு ஏறி வந்தார். பிள்ளைகள் அவருக்கும் ஒருக்கால் முழுக்கதையும் சொன்னார்கள். அவர் கானைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். வந்த பிள்ளைகளை வெறும் வயிற்றோடு அனுப்பலாமோ? புட்டும் சம்பலும் கொடுத்தேன், தேத்தண்ணி ஊற்றினேன். எங்கள் ரெயிலர் என்று சொல்லவில்லை. அவர்களில் என்ன பிழை? வெளிக்கிடும்போது பொடியன் திறப்புக் கோர்வையில் இருந்து ஒன்றைக் கழற்றித் தந்தான்.

"இதைத் திருப்பிக் குடுக்க மறந்திட்டன் அன்ரி. அங்கிள் சொன்னவர், பரவாயில்லை, வேறை கொப்பி இருக்குது எண்டு. நீங்கள் போகேக்கை குடுப்பியளோ?"

கார் போனபிறகு அந்தத் திறப்பைக் கதவில் போட்டேன். சுகமாகத் திரும்பியது. காட்டுக்குள்ளே கதவைப் பூட்டிவிட்டு நாங்கள் நிம்மதியாகப் படுத்த இரவுகளில், அந்தக் கதவின் திறப்பு எத்தனை பேரின் சட்டைப்பைக்குள் கிடந்ததோ. நிற்கிற இடமும் அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

"விடுமன்" என்றார் மனுசன், திரும்பி ஓடும்போது காரில் வைத்து. "அவனுக்கும் கஷ்டமோ என்னவோ. ஒரே அறையிலை கிடந்தனாங்கள்."

"வாடகைக்கு விட்டதை நான் விடுறன்" என்றேன். "மற்றதை விடமாட்டன்."

அண்ணை வளவில்தான் நின்றார். மனுசன் திறப்பைக் காட்டினார். அண்ணை ஒரு கணம் தடுமாறி, பிறகு சிரிக்கப் பார்த்தார்.

"சும்மா நிண்டு கறள் பிடிக்கிறதிலும் பாக்க ஓடினா நல்லதெல்லே மச்சான்? வெளியாக்களுக்கே குடுத்தனான்? எல்லாம் எங்கடை பிள்ளையள்."

மனுசன் சத்தம் போடத் தொடங்கினார். நான் அவரின் கையைப் பிடித்தேன்.

"எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ அண்ணை. பிள்ளையாரைத் திருப்பி வைச்சிட்டன், எனக்குத் தலை பிழைச்சுப் போச்சு எண்டு இந்த இடத்திலை நிண்டுதானே அழுதனான்? உங்களுக்கு அப்பவே விளங்கியிருக்கும். ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"பகிடியாத்தானே தங்கச்சி..."

"டொக்டரிட்டைப் போகச் சொன்னதும் பகிடியோ? நான் போய் மணிக்கூடு கீறினனான் அண்ணை."

அவர் வீட்டுப் பக்கம் பார்த்தார். அவரின் மனுசி கதவுக்குள் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டா. பிறகு, எனக்குச் சொல்லாமல் நிலத்துக்குச் சொல்லுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"சொன்னா, நீங்கள் ரெயிலரைக் கொண்டு போயிடுவியள்."

இத்தனை வருசமாக அவர் வாயில் இருந்து எத்தனை வசனம் கேட்டு ரசித்திருப்பேன். இதில் ரசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் இதையும் மறக்க முடியவில்லை.

அன்றைக்கே ரெயிலரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது அது ஹைவே பக்கத்தில், வாடகைக்கு இடம் விடுகிற ஒரு முற்றத்தில் நிற்கிறது. அங்கே இருக்கிற பெண் ஒவ்வொரு முறையும் எங்களை முன்பின் கண்டிராதவள் மாதிரி அடையாள அட்டை கேட்பாள். முதலில் கோபம் வந்தது. இப்போது அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே இறங்குகிறேன். பூட்டுக்களை மாற்றிவிட்டோம். ஏரியையும் மாற்றிவிட்டோம். கோயிலில் அண்ணையைக் கண்டால் மனுசன் தலையை ஆட்டுவார். நான் உள்வீதியைச் சுற்றிக் கும்பிடுகிற பக்கம் திரும்பிவிடுவேன்.

போன கிழமை புது இடத்தில் நின்றோம். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. சீனிப் பேணி இடது லாச்சிக்குள், போர்வை நான் சுருட்டினபடி, பிள்ளையார் அடுப்புக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டு. இருந்தும் லாச்சி லாச்சியாகத் திறந்து பார்த்தேன். மனுசன் வாசல்படியில் இருந்து கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் கிடக்குதே?" என்று கேட்டார்.

"கிடக்குது."

"பிறகென்ன தேடுறீர்? புதுத் திறப்பை நானும் ஆருக்கும் குடுத்திட்டன் எண்டு நினைக்கிறீரோ?" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன். அவர் சிரிப்பை நிற்பாட்டி, சட்டைப்பைக்குள் கையை விட்டு, தன் திறப்பை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு ஏரிப் பக்கம் நடந்தார்.