சுவரைப் பார்த்து நின்ற வசந்தாமணி

போத்தனூரிலிருந்து வசந்தாமணியின் தங்கை தொலைபேசியில் அழைத்து, "அக்கா போயிட்டாங்க" என்றாள். "நீங்க யாருங்க பேசறது?" என்று மறுபடி மறுபடி கேட்டேன். கேட்டதை உடனே நம்பாத இந்தப் பழக்கம் வசந்தாமணியிடமிருந்தே எனக்கு ஒட்டியது.

நம் பம்புசெட் கம்பெனியின் வரைபட அறையில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்; வைரஸ் வந்துவிடும் என்று, யார் கொண்டுவந்த ஃப்ளாப்பியையும் அதில் போட விடமாட்டார். "ஃப்ளாப்பியும் மாப்பிள்ளையும் ஒண்ணுங்க. எங்கெங்க போயிட்டு வந்துதுன்னு விசாரிக்காம ஊட்டுக்குள்ள உடக்கூடாது" என்பார். கம்ப்யூட்டர் முதலில் ஃப்ளாப்பியிலிருந்தா, சிடியிலிருந்தா, தன் ஹார்டு டிஸ்கிலிருந்தா, எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற அமைப்புக்கு பாஸ்வேர்ட் போட்டிருந்தார். அது அவருக்கு மட்டுமே தெரியும்.

அதுவே வினையாயிற்று. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்தபோது கம்ப்யூட்டர் பாதியில் நின்றது. அலமாரியில் இருந்த பழுதுநீக்கும் சிடியிலிருந்து தொடங்கிச் சரிசெய்ய, வசந்தாமணி அமைப்புக்குள் போய் சிடியை முதலிடத்துக்கு மாற்றினார். சிடி சுற்றியது, முனகியது, தொடங்கவில்லை.

"ஏனுங் அம்மணி, நெசமாலுமே மாத்துனீங்களா, மாத்துன மாதிரி காட்டறீங்களா?" என்றார் மேனேஜர்.

வசந்தாமணியின் தம்பி அப்போதுதான் போட்டிக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் இருந்த வரைபடங்களை இவர் வேண்டுமென்றே முடக்கிவிட்டார் என்ற பேச்சு மதியச் சாப்பாட்டுக்குள் பரவியது. "சாயங்காலத்துக்குள்ள ஓடலீன்னா நாளைக்கு வரவேண்டாமுங்க" என்றார் மேனேஜர். அன்று நம்மில் யார் அவர் முகத்தை நேராகப் பார்த்தோம்?

அவர் சிடியை வெளியே எடுத்துத் திருப்பினார். பளபளக்கும் அடிப்பக்கத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பூஜையன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர் மேனேஜர்தான்.

"மேல்பக்கம் வெச்சா பேரு மறைஞ்சுபோகுமேன்னுதான்..." என்று இழுத்தார்.

"பொட்டு வெச்சது தப்பில்லீங்க. அது படிக்கற பக்கம் எதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

துடைத்துப் போட்டார். தொடங்கிவிட்டது. நாம் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. வேலை முடிந்ததும் தன் பாஸ்வேர்டை நீக்கிவிட்டு எழுந்தார்.

"இனி நீங்களே ஒண்ணு போட்டுக்குங்க."

மேனேஜர் புது பாஸ்வேர்டைத் தட்டி முடிக்கும்வரை வசந்தாமணி சுவரைப் பார்த்து நின்றார். "போட்டாச்சு, திரும்புங்க அம்மணி" என்றதும், "நான் பாக்கலீங்க. இவங்கெல்லாம் சாட்சி" என்றார்.

அது மரியாதையா, நம்மை இனி நம்பமாட்டேன் என்ற தீர்ப்பா? கேட்கத் துணியவில்லை. இனி கேட்கவும் முடியாது. இப்போது பக்கத்தில் யார் பாஸ்வேர்ட் தட்டினாலும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் திரும்பல்தான். முதுகில் எத்தனை கண்கள் படும் என்பது அப்படி நின்று பார்த்தால்தான் தெரிகிறது.