ராஜா கல்லில் ஏறிய மாப்பிள்ளை

ஆடி மூன்றாம் வெள்ளி, காலை ஐந்தே முக்கால். கிளாம்பாக்கத்தில் விழுப்புரம் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் என் மருமகன் கேரத். ஆறடிக்கு மேல் உயரம். முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதிக் காலை நடைபாதையில் நீட்டியிருந்தார். வேல்ஸ் நாட்டுக்காரர். என் மகள் தேன்மொழி ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியாகப் பிரசவத்துக்கு எங்கள் பெருங்களத்தூர் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "அம்மா, இவரை முழுசாக் கூட்டிக்கிட்டு வந்துடு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போகிற இடம் என் பிறந்த ஊர். பனமலை ஏரியைத் தாண்டிப் போக வேண்டும். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். சண்டை இன்னும் ஓயவில்லை. சுற்று வட்டாரத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதும் இல்லை. 'ராஜா ஊர்' என்றால்தான் தெரியும். அந்த ராஜா, சிரிக்காதீர்கள், என் தம்பி குமரவேல். இரண்டு ஏக்கர் வேர்க்கடலையும் (எங்கள் பேச்சில் மல்லாட்டை) ஒரு பழைய டிராக்டரும்தான் அவன் சமஸ்தானம்.

செஞ்சிக் கோட்டைக்குப் படைகள் வந்து போன காலத்தில் எங்கள் ஊர்த் தலைவரை வெளியூர்ப் படை ஒன்று வெட்டிக் கொன்றது. கொன்ற கையோடு அந்தத் தளபதி, எங்கள் முன்னோர் ஒருவர் தலையில் பட்டுத் துணியைக் கட்டி, "இனி நீதான் ராஜா" என்றானாம். அன்றிலிருந்து ஆடித் தேர் அன்று எங்கள் வீட்டு ஆண் ஒருவர் தேருக்கு முன்னால் இருக்கும் பலகைக் கல்லில் ஏறி நிற்பார். பூசாரி பரிவட்டம் கட்டி ராஜா பட்டத்தை உரக்கச் சொன்னால்தான் வடத்தில் கை வைப்பார்கள். கட்டிய பரிவட்டத்தைத் தேர் நிலைக்கு வருவதற்குள் அவிழ்த்தால் ஊருக்கு ஆகாது. பட்டம் அப்பனுக்குப் பின் பிள்ளைக்கு.

நம் ஆளைக் கொன்றவன் கொடுத்த பட்டத்தை நாமே எதற்குக் கூவிக்கொண்டிருக்கிறோம் என்று மூன்று வருடமாக ஊரில் ஒரு பாதி கேட்கிறது. அது போனால் ஊருக்கு என்ன அடையாளம் என்கிறது மறு பாதி. போன வருடம் பேச்சு முற்றி, தேர் முடிந்த மறுநாள் குமரவேலின் வைக்கோல் போர் எரிந்தது. யார் வைத்த தீ என்று இன்றுவரை தெரியாது. இந்த வருடம் தேருக்கு முன் ஊர்க்கூட்டம் போட்டுப் பேசுவது என்று முடிவு. நான்கு நாள் முன்பு தம்பி போன் செய்தான். "அக்கா, நான் எழுந்து வேணாம்னு சொல்லிடப் போறேன். பெரியப்பா வூட்டு அண்ணன் உசுரோட வுடமாட்டேன்றாரு. நீ வந்து பக்கத்துல நில்லு." சின்ன வயதில் இடிக்குப் பயந்து என் பாவாடைக்குள் ஒளிந்தவன் அவன். போகாமல் இருக்க முடியுமா? தனியாக விட மாட்டேன் என்று கேரத்தும் கூடக் கிளம்பிவிட்டார்.

மதுராந்தகம் ஏரி தாண்டும்போது கேரத் தன் கதையைச் சொன்னார். இத்தனை வருடத்தில் தேன்மொழியிடம் கற்ற தமிழ். மெதுவாகப் பேசினால் தெளிவாகவே இருக்கும்.

"எங்க நாட்டுலயும் இதே சண்டை, அத்தை. எங்க கடைசி இளவரசரை இங்கிலாந்துக்காரங்க கொன்னாங்க. அப்புறம் அவங்க ராஜா தன் பையனுக்கே 'வேல்ஸ் இளவரசர்'னு பட்டம் குடுத்தார். இப்போ வரைக்கும் அவங்க மூத்த பையனுக்குத்தான். போன தடவை பட்டம் மாறினப்போ எங்களை ஒரு வார்த்தை கேக்கல. மறுநாளே அறிவிச்சுட்டாங்க."

"உங்க ஜனங்க சும்மாவா இருந்தாங்க?"

"எங்க அப்பாவுக்கு அது பெருமை. அந்தப் பட்டத்தாலதான் வேல்ஸ்னு ஒரு நாடு இருக்கறதே உலகத்துக்குத் தெரியுதுன்னு சொல்வார். சித்தப்பாவுக்கு அது அவமானம். பட்டத்தோட சின்னத்துல மூணு இறகு இருக்கும், கீழே ஒரு வாசகம். அது எங்க மொழி இல்ல. ஜெர்மன். அந்தச் சின்னம் போட்ட சட்டையோட அப்பா ஒரு தடவை விருந்துக்கு வந்தார். சித்தப்பா பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனவர்தான். இன்னும் பேச்சு இல்ல."

கேரத் என் பக்கம் திரும்பி, "ஒரு கதை சொல்வாங்க" என்றார். "இந்த மண்ணுல பொறந்த, ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசாத இளவரசனைத் தர்றேன்னு அந்த ராஜா சொன்னானாம். எங்க ஆளுங்க சந்தோஷமா சரின்னாங்களாம். அப்போதான் அங்கே பொறந்த தன் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினானாம். நிஜமா நடந்தது இல்லன்னு படிச்சவங்க சொல்றாங்க. ஆனா எங்க ஊர்ல குழந்தைங்களுக்கும் இது தெரியும்."

"கெட்டிக்காரப் பயல்" என்று நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காகப் பிறகு வெகு நேரம் வருத்தப்பட வேண்டியிருந்தது.

ஏழே முக்காலுக்குத் திண்டிவனம். வேகவைத்த மல்லாட்டைக் கூடையோடு ஒரு அம்மாள் ஏறினார். பொட்டலம் இருபது ரூபாய். வாங்கும்போது, எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"ராஜா ஊருக்கா? இன்னிக்கா போறீங்க?" கூடையை மடியில் இறக்கிக்கொண்டார். "விடிகாலையிலயே ரெண்டு போலீஸ் வண்டி போச்சின்னு என் மருமவன் சொன்னான். இந்த வெள்ளைக்காரத் தம்பியையும் இஸ்துகினு போறீங்களே, இன்னா தைரியம்மா உனக்கு!"

தைரியமாவது ஒன்றாவது. பொட்டலத்தை அப்படியே மடித்துப் பையில் வைத்தேன்.

விக்கிரவாண்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் அறுநூறு ரூபாய் கேட்டார்; பேரம் பேசாமல் ஏறினேன். வழியெல்லாம் கரும்பும் சவுக்கும். பனமலைக் குன்றின் உச்சியில் தாளகிரீஸ்வரர் கோயில் தெரிந்ததும் கேரத் வண்டியை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தார். எப்போதும் அந்தக் கோபுரத்தைப் பார்த்தால் எனக்கு வீட்டுக்கு வந்துவிட்ட நிம்மதி வரும். அன்று வரவில்லை. ஊருக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போதே ஓட்டுநர் ஓரம் கட்டினார்.

"இதுக்கு மேல வரலைங்கம்மா. போன வருசம் ஒரு பேஜாரு ஆச்சி இல்ல, அன்னிக்கு என் வண்டிக் கண்ணாடிதான் மொதல்ல போச்சி. நடந்துடுங்க. ஜல்தியா திரும்பிடுங்க."

ஒன்பதே கால். தெருவில் கோலம் போட்டிருந்தார்கள், மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள், கூழ் ஊற்றும் அண்டாவும் இருந்தது. பேச்சுச் சத்தம்தான் இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர்கள்கூட வாசலில் நின்று, "வா வசந்தா" என்று மட்டும் சொல்லி, நான் எந்தப் பக்கம் போய் நிற்கிறேன் என்று பார்த்தார்கள். தம்பி வீட்டில் அவன் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தான். நான்தான் போட்டுவிட்டேன்.

பத்து மணிக்குக் கோயில் முன்னால் கூட்டம். தேர் அலங்கரித்து நின்றது. ஒரு பக்கம் இளசுகள், மறு பக்கம் பெரியவர்கள், நடுவில் போலீஸ். முதலில் மைக்கைப் பிடித்தது, விழுப்புரத்தில் கல்லூரி படிக்கும் ஒரு பெண். "நம்ம தலைவரை வெட்டினவன் குடுத்த பட்டம் இது. செத்தவர் பேரு உங்க யாருக்காவது தெரியுமா? தெரியாது. கொன்னவன் குடுத்த பேரு மட்டும் தெரியுது. வெக்கமா இல்லியா?" எனக்கும் அந்தப் பெயர் தெரியாது.

ஒரு பெரியவர் மெதுவாக எழுந்தார். "யாரு குடுத்தா இன்னாம்மா? நம்ம பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அந்தப் பேர சொல்லித்தானே தேரு இஸ்தாங்க. பக்கத்து ஊர்ல பொண்ணு கேட்டுப் போனா ராஜா ஊரான்னு பாய் போடறான். அது போச்சின்னா நாம யாரு?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு இரண்டு பேர் பேசியதும் நியாயமாகத்தான் பட்டது. அதுவே இன்னும் பயமாக இருந்தது.

பூசாரி ஏகாம்பரம் பரிவட்டத் தட்டை ஏந்தியபடி, "நேரம் போய்க்கினு இருக்குதுங்க, பத்தரைக்குள்ள கட்டணும்" என்று கெஞ்சினார். அப்போது தம்பி எழுந்தான். மைக் இல்லாமலே, "இந்தப் பட்டம் எனக்கு வேணாம். எம் பையனுக்கும் வேணாம்" என்றான்.

பெரியப்பா மகன் தர்மலிங்கம் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியதைப் பார்த்தேன். "உனக்கு வேணாம்னா சொல்லிட்டுப் போடா. எங்க வம்சத்துக்கே வேணாம்னு சொல்ல நீ யாருடா?" இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுந்தது. யாரோ நாற்காலியைத் தூக்கினார்கள். தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு "மாரியாத்தா, மாரியாத்தா" என்று கத்தினேன். கூட்ட நெரிசலில் கேரத் பின்னால் பின்னால் நகர்ந்து, நிற்க இடம் தேடி, அங்கிருந்த ஒரு கல்லின் மேல் ஏறிவிட்டார். எந்தக் கல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் மறந்துவிட்டேன்.

பூசாரிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கல்லில் நிற்கிறவர் தலையில் கட்ட வேண்டும். அரண்டு போய்க் கட்டினாரா, யோசித்தே கட்டினாரா, அந்த ஆத்தாளுக்குத்தான் வெளிச்சம். கேரத் உபசாரம் என்று நினைத்துத் தலையைக் குனிந்தார். சிவப்புப் பட்டுத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, "ராஜா... ராஜாதி ராஜா..." என்று பூசாரி கூவிவிட்டார்.

ஊரே நின்றது. தூக்கிய நாற்காலி அப்படியே இறங்கியது. தர்மலிங்கம் அண்ணன்தான் முதலில் சிரித்தார்.

"அட, இதுவும் நல்லாத்தான் இருக்குது. மாப்ளயும் நம்ம வூட்டு ஆளுதானே. பட்டமும் போவல, எவனுக்கும் எவன் மேலயும் காண்டு இல்ல."

"அவரு வெளியாளுண்ணே" என்றது ஒரு குரல்.

"ஆமாண்டா. ஆனா தேனு வயித்துல இருக்கறது நம்ம ரத்தம். நம்ம மண்ணுல பொறக்கப் போவுது. அது இன்னும் ஒரு வார்த்தை பேசல, ஒருத்தனுக்கும் விரோதி இல்ல. மாப்ளைக்கு அப்புறம் அதுதான் ராஜா. இன்னா சொல்றீங்க?"

ஒருவர் கை தட்டினார். பிறகு இரு பக்கமும் தட்டியது. சற்று முன் நாற்காலியைத் தூக்கியவர்களும் தட்டினார்கள். அந்தக் கல்லூரிப் பெண் மட்டும் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

கேரத்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. காலையில் சொன்ன கைக்குழந்தைக் கதை அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கை தலைக்குப் போய் முடிச்சில் நின்றது. "அத்தை" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "அவிழ்க்கட்டுமா?"

தம்பியின் முழங்கையை நான் இன்னும் விடவில்லை. "வேணாம் மாப்பிள்ளை" என்றேன். "அப்படியே இருங்க. நாம உயிரோட வீடு போய்ச் சேரணும்."

அவர் கையை எடுத்துவிட்டார். தேர் நகர்ந்தது. மூன்று தெருவும் சுற்றி நிலைக்கு வரும் வரை, தலையில் பட்டோடு, யாரையும் பார்க்காமல் அதன் முன்னால் நடந்தார். வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுத்தார்கள். சின்னக் கீறல்கூட யாருக்கும் இல்லை.

மூன்று மணிக்குத் தம்பி தன் மச்சானின் காரில் எங்களை விழுப்புரம் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டான். டீ வாங்கிக் கொடுத்தான், அவன் குடிக்கவில்லை. வண்டி கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அன்னிக்கி அந்தத் தளபதி நம்ம பாட்டன் தலைல கட்டினப்பவும் இப்பிடித்தான் கை தட்டி இருப்பாங்களோ?"

பேருந்து நகர்ந்துவிட்டது. என்னைப்போல் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எந்த அக்காள், "இருக்கட்டும்டா, உசுரோட வீடு போய்ச் சேருவோம்" என்று அன்றைக்குச் சொன்னாளோ.

மாலை ஏழு மணிக்குப் பெருங்களத்தூர். தேன்மொழி கதவைத் திறந்து கணவனைத் தலை முதல் கால் வரை பார்த்து, "முழுசா வந்துட்டீங்க" என்று சிரித்தாள். அவர் பையிலிருந்து எட்டிப் பார்த்த பட்டுத் துணியை இழுத்தாள். "அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு! பாப்பாவுக்குப் போர்த்தலாம்" என்று வயிற்றின் மேல் விரித்துப் பார்த்தாள். கேரத் அசையாமல் என்னையே பார்த்தார்.

பாய்ந்து போய்ப் பிடுங்கினேன். "எடுடி அதை!" என்று நான் போட்ட கூச்சலில் அவள் மிரண்டுவிட்டாள். காலையில் கோயில் முன்னால் போட்டிருக்க வேண்டிய கூச்சல் அது.

பட்டு இப்போது பீரோவின் மேல் இருக்கிறது. குழந்தை பிறப்பதற்குள் நானே வண்டி ஏறிப் போய், ஊரைக் கூட்டி, என் பேரப்பிள்ளைக்கு இந்தப் பட்டம் வேண்டாம் என்று சொல்லி, அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டு வர வேண்டும். கேரத் கூட வருகிறேன் என்கிறார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விழுப்புரம் வண்டிக்கு நேரம்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.