சிவப்பு நூல் கட்டிய கோழி

தையல்கார அக்காவுக்கு அளவு நாடாவே தேவையில்லை என்று தெருவில் பேச்சு. வாசலில் வந்து நிற்பவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று சொல்லிவிடுவார். பிறகு நாடா வைத்துப் பார்த்தாலும் அரை அங்குலம் தப்பாது. அப்படிப்பட்ட கண்தான் கோழி விஷயத்தில் அவர் காலை வாரிவிட்டது.

மாடியில் இரண்டே அறைகள். முன்னறையில் மெஷினும் துணி வெட்டும் மேசையும். பின்னறையில் தங்கை. ஒரு காய்ச்சல் வந்து நான்கு மாதமாகக் கட்டிலோடு கிடந்தவள். காய்ச்சல் போனபோது எழுந்திருக்கும் ஆசையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. கேட்டால் ‘ம்’ என்பாள். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

ஒருநாள் அக்கா தீவனக்கடையிலிருந்து ஐந்து குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கி வந்தார். எது சேவல், எது பெட்டை என்று வளர்ந்தால்தான் தெரியும் என்று கடைக்காரர் முன்பே கைகழுவிவிட்டார். பெட்டிக்குள் கீச்கீச்சென்று சத்தம் கேட்டதும் தங்கை எழுந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரமே அக்காவுக்கு முன்னால் விழித்து மொட்டைமாடிக் கதவைத் திறந்துவிட ஆரம்பித்தாள். அதைப் பார்த்த அன்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்துவிட்டார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரர் முப்பது வருடம் ரயில் ஓட்டியவர். இப்போதுதான் காலை எட்டு மணிவரை தூங்குகிறார். கோழி இருக்கலாம், சேவல் கூவினால் அன்றைக்கே மொத்தக் கூட்டமும் கிளம்ப வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே கூவுவதற்கு முன்பே சேவலைக் கண்டுபிடித்தாக வேண்டும். அக்கா நூல்பெட்டியைத் திறந்தார். சேவல் என்று தோன்றினால் காலில் சிவப்பு நூல், பெட்டை என்றால் நீலம். கால் பருக்கப் பருக்க நூல் இறுக்கும் என்பதால் வாரம் ஒருமுறை வெட்டி மறுபடி கட்டுவார். ஆறாவது வாரத்தில் வெள்ளைக் குஞ்சுக்குக் கொண்டை சிவந்து பெரிதானது. அக்கா அதை நாடாவால் அளந்தே பார்த்தார். சந்தேகமில்லை, சிவப்பு நூல். மற்ற நான்குக்கும் நீலம்.

மூன்று மாதம் ஆனபோது, வீட்டில் பெரிய தோட்டம் வைத்திருந்த முட்டை வியாபாரி அந்தச் ‘சேவலை’ வாங்கிப்போக ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடையோடு வந்தார். அக்கா வெள்ளையைப் பிடித்துவிட்டார். பின்னால் குரல் கேட்டது.

“அக்கா, அதை விடு. அது பொட்டை.”

எத்தனையோ மாதம் கழித்து முழுசாக ஒரு பேச்சு. அக்காவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

“கொண்டையப் பாருடி, எவ்வளவு பெரிசு!”

“முதுகப் பாரு. வால் பக்கத்துல இறகு நுனியெல்லாம் வட்டமா இருக்கு. அந்தப் பழுப்புக்குத்தான் கூரா நீண்டு தொங்குது. நீ வாரத்துக்கு ஒருதரம் அளக்குற. நான் நாள் முழுக்கப் பாத்துட்டு இருக்கேன்.”

சில வகையில் பெட்டைக்கும் கொண்டை பெரிதாகத்தான் வரும் என்று வியாபாரியும் சேர்ந்துகொண்டார். அளவில் அக்காவை ஜெயித்தவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரிப்பு வேறு.

அந்த நேரம் பார்த்துச் சட்டைத்துணியோடு வீட்டுக்காரர் படியேறி வந்தார். எங்கிருந்தோ துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம்.

“மெஷினுக்கு எண்ணெய் போடும்மா,” என்றார்.

சத்தம் மறுபடி வந்தது. இந்த முறை எல்லோரும் பார்த்தார்கள். நீல நூல் கட்டிய பழுப்பு கழுத்தை நீட்டிக் கூவப் பழகிக்கொண்டிருந்தது. அக்கா அவசரமாகத் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். கோழிகள் போனால் தங்கை மறுபடி கட்டிலுக்கே போய்விடுவாளே.

அக்கா வாய் திறப்பதற்குள் தங்கை முன்னால் வந்தாள். “ஐயா, அது இப்பவே கிளம்புது. மத்த நாலும் பொட்டை. நான் சொல்றேன்.”

வீட்டுக்காரர் கோழியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். அவள் குரலை மறந்தே போயிருந்தார்.

“நீ சொன்னா சரிம்மா. இனி என் தூக்கத்துக்கு நீதான் பொறுப்பு.”

பழுப்பு கூடையில் ஏறியது. அக்கா வெள்ளையின் காலிலிருந்த சிவப்பு நூலை வெட்டிவிட்டு நீலம் கட்டினார்.

இரண்டு மாதம் கழித்து வெள்ளைதான் முதல் முட்டை இட்டது. அதைத் தங்கைக்கு அவித்துக் கொடுக்க அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். தங்கை முட்டையை ஒரு வெட்டுத்துணியில் சுற்றி, “கீழ ஐயாவுக்கு,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் இறங்கியதே இல்லை. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, அந்தப் பதினான்கு படிகளையும் காதால் எண்ணிக்கொண்டு நின்றார்.