மடக்கிய குடை

பெரியம்மாவின் கறுப்புக் குடை கதவுக்குப் பின்னால் தொங்கித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. வளைந்த மரப்பிடி, முறிந்த கம்பியில் நூல்கட்டு. புதுக் குடை வாங்கிக் கொடுத்தாலும் இதைத்தான் எடுப்பார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. இன்று காலை நடந்ததற்காக மட்டுமல்ல.

என் அம்மாவின் அக்கா அவர். கலகெதரவுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் என்னை வளர்த்தவர். அங்கே தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு முன்னால் யாரும் குடை பிடிப்பதில்லை. என் காலத்தில் எந்தத் துரையும் அப்படி உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் ஆட்கள் ஓரமாக ஒதுங்கிக் குடையை மடக்குவார்கள், அவ்வளவுதான்.

ஒரு ஐப்பசி மழையில், காய்ச்சலில் கொதித்த என்னை இடுப்பில் சுமந்துகொண்டு பெரியம்மா தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடந்தார். வளைவில் ஜீப் வந்தது. என் தலைக்கு மேலிருந்த குடை சட்டென்று மூடிக்கொண்டது. ஜீப் பேசாமல் போயிருக்கலாம். நின்றது. துரை கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, பிள்ளைக்கு என்ன என்று கேட்டார். எப்போதிருந்து காய்ச்சல், சாப்பிடுகிறதா, இருமல் உண்டா என்று அக்கறையாக விசாரித்தார். டாக்டரிடம் தன் பெயரைச் சொல்லும்படியும் சொன்னார். பெரியம்மா நனைந்துகொண்டே பதில் சொன்னார். அவர் கழுத்தில் முகம் புதைத்திருந்த என் முதுகில் மழை இறங்கியது. இத்தனை கேட்ட மனிதருக்குக் குடையை விரி என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. துரைதான் தன் ஜீப்பில் என்னைக் கண்டிக்கு அனுப்பி வைத்தார். பெரியம்மா இன்றைக்கும் சொல்வார்: "தொரை தங்கமான மனுசன். நீ பொழச்சதே அவரால."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. திட்டித் தீர்த்து மறந்திருப்பேன். அவர் நல்லவர். பிள்ளையின் காய்ச்சல் அவருக்குத் தெரிந்தது, பிள்ளை நனைவது தெரியவில்லை. பதவியில் இருப்பவர்களின் இரக்கத்தை நான் நம்பாமல் போனது அந்த வளைவில்தான்.

இப்போது பெரியம்மாவுக்கு நெஞ்சு பலவீனம். நனையவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான சொல். இன்று காலை கண்டியில் கிளினிக் வாசலில் நல்ல மழை. ஓட்டோவிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் இறங்கினார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்தது. நான் தடுப்பதற்குள் ஓடிப்போய்த் தன் குடையை அவர் தலைக்கு மேல் நீட்டினார்.

"வாங்க தொரை, நனையாம வாங்க."

அவருக்குப் பெரியம்மாவை நினைவில்லை. ஆனாலும் சிரித்து, நன்றி சொன்னார். குடைக்குள் இருவருக்கும் இடம் இருந்தது. நீயும் உள்ளே வா என்று இப்போதும் சொல்லவில்லை. கையை எட்ட நீட்டியபடி பெரியம்மா மழையில் நடந்தார். நான் ஓடிப்போய் என் குடையைப் பெரியம்மாவுக்கு மேல் பிடித்தேன். அவர் பதறிப்போய் என் காதருகே சொன்னார்:

"குடைய மடக்கு புள்ள. தொரை நிக்கிறாரு."

நான் மடக்கவில்லை. பெரியம்மா என் குடையை விட்டு ஓரடி தள்ளிப்போய் நனைந்தார்.

கதவுக்குப் பின்னால் குடை சொட்டி முடிந்துவிட்டது. உள்ளறையில் பெரியம்மா இருமுகிறார்.