கீழப்பழுவூரில் குத்திய முள்

பேய்க் கதை என்று யாராவது தொடங்கினாலே வேறு வேலை பார்க்கக் கிளம்பிவிடுகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இருக்கட்டும், கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

யுத்த காலம். மெட்ராஸில் குண்டு விழும் என்று பயந்து எங்கள் ஆபீஸைத் தூக்கிக்கொண்டுவந்து அரியலூர் ஸ்டேஷன் பக்கம் வைத்திருந்தார்கள். கடலில் ரோந்து போகும் ஒரு வேகப் படகு, அது எங்கே போகிறது என்று கரையோரக் காவல்காரர்கள் அரை மணிக்கு ஒருமுறை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகத் தந்தி அடிப்பார்கள், நான் அந்த இடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும். குண்டூசிக்குக்கூடப் பஞ்சம், கருவேல முள்தான் குத்துவேன். அந்தப் படகில் இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவர் என் மாமா, அக்கா புருஷன். அக்கா கீழப்பழுவூரில் இருந்தாள். அதனால் எனக்கு அது வெறும் முள் இல்லை.

அன்றைக்குப் பன்னிரண்டு மணியோடு தந்தி நின்றுபோனது. தேடச் சொல்லுங்கள் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன், அடுத்த தந்தி வரட்டும் என்றுவிட்டார். இரண்டரைக்கு வந்தது. குத்தினால் முள் கரைமேல் விழுந்தது. மூன்று மணிக்கு வந்தது வயல்வெளியில். நம்பினால் நம்புங்கள், மூன்றரைக்கு உடையார்பாளையம்! கோடு நேராக, வேகம் கொஞ்சமும் குறையாமல்.

"ஏன்யா, படகு என்ன மாட்டு வண்டியா, உடையார்பாளையத்துல ஓட்டிக்கிட்டு வர?" என்று கத்தினார் அதிகாரி.

"வந்தத குத்துறேன் சார். இதெல்லாம் தப்பாவே இருக்கட்டும், பன்னெண்டு மணிக்கு இருந்த எடத்துக்காவது ஆள அனுப்புங்க. எங்க மாமா இருக்காரு சார் அதுல."

"இத்தன உளறலுக்கு அப்புறம் அந்த ஒரு முள்ள மட்டும் எப்படிய்யா நம்புறது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேஜையைக் கவிழ்த்திருக்கலாம், செய்யவில்லை. நான்கு மணித் தந்தி வந்தது. அளந்து குத்தினேன். கீழப்பழுவூர். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

சைக்கிளை எடுத்து மிதித்தேன். அக்கா வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள்.

"நாலு மணி பஸ்ஸு போச்சு பாரு, அப்பதான்டா ஒங்க மாமா வந்தாரு. தண்ணி கேட்டாரு. மொண்டுகிட்டு வரதுக்குள்ள ஆளக் காணும். ஒன்னயப் பாக்க வந்தாரா?"

வாசலில் ஒரு முழம் தரை மட்டும் நனைந்திருந்தது. அவள் சிந்தவில்லை, சொம்பு நிறைய இருந்தது.

மறுநாள் விசாரித்தால், பன்னிரண்டு மணிக்குப் பிறகு நாங்கள் தந்தியே அடிக்கவில்லை என்று காவல்காரர்கள் சத்தியம் செய்தார்கள். அப்படியானால் என் பையில் இருந்த நான்கு காகிதங்களும் என்ன? அதிகாரி அவற்றை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. படகு கிடைக்கவே இல்லை. அன்றே தேடியிருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அக்கா வாசலில் நனைந்திருந்த இடம் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தது. தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. அக்கா எத்தனையோ தடவை சாணி போட்டு மெழுகிவிட்டாள். இன்றைக்கும், புதிதாக வாங்கிவந்த மாடுகூட, அவிழ்த்துவிட்டால் நேராக அங்கே போய்த் தரையை நக்குகிறது. அக்கா விரட்டுவதில்லை.